மேலச்சுத் தபால்தலைகள் சொல்லும் வரலாறு

தபால்தலை சேகரிக்கிறேன் என்று சொன்னால் விடுதி நண்பர்கள் நகைக்கிறார்கள். “இந்தக் காலத்தில் யாரப்பா கடிதம் எழுதுகிறார்கள்?” என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆயினும் வரலாறு பயிலும் மாணவனாகிய எனக்கு, பாடநூலில் ஒரே வரியில் முடிந்துபோகும் ஆட்சி மாற்றங்களை விரல்நுனியில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தது இந்தப் பொழுதுபோக்கே. அதிலும், ஒரு நாட்டை வேற்றுப் படை பிடித்துக்கொண்ட காலத்தில் பழைய தபால்தலைகளின் மேல் புதிய எழுத்துகளை அச்சிட்டு வெளியிட்டார்களே, அந்த மேலச்சுத் தபால்தலைகளைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். இதை எழுத எனக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் இருந்த உறை

என் அப்பத்தாவின் தந்தை, அதாவது என் பூட்டனார், 1940ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குச் சென்றார். அங்கே ஒரு வட்டிக்கடையில் பெட்டியடி வேலை. அப்போது அப்பத்தா ஆறு மாதக் குழந்தை. போனவர் திரும்பவில்லை. போர் முடிந்து கப்பல் போக்குவரத்துத் தொடங்கியதும், 1946இல் பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர், “அவன் கடைசியாக எனக்குப் போட்ட கடுதாசி” என்று சொல்லி ஒரு கடிதத்தை என் பூட்டியாரிடம் கொடுத்தாராம். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடிதத்தைக் காலப்போக்கில் கரையான் தின்றுவிட்டது. உறை மட்டும் அப்பத்தாவின் தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், பத்திரமாக இருந்தது.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது எனக்குத் தபால்தலைப் பைத்தியம் பிடித்தது. உறையிலிருந்து தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒருநாள் அப்பத்தா நூறு நாள் வேலைக்குப் போயிருந்த சமயம் அந்த உறையை எடுத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் அப்படியே போட்டுவிட்டேன். தபால்தலை அழகாகப் பிரிந்து வந்தது. உறையின் பின்புறம் பூட்டனார் தம் கையால் எழுதியிருந்த அனுப்புநர் முகவரி நீல நிறமாகக் கரைந்து தண்ணீரோடு கலந்தது. தபால் முத்திரையில் பாதி தபால்தலையின் மேலும், பாதி உறையின் மேலும் விழுந்திருந்தது. நைந்துபோன உறையை அடுப்பில் போட்டேன்.

மாலையில் அப்பத்தாவிடம் பெருமையோடு தபால்தலையைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏய்யா, அந்தக் கவர்லதானய்யா எங்கப்பா இருந்த ஊரு எழுதியிருந்துச்சு” என்றார். என்ன ஊர் என்று கேட்டேன். “ஏதோ மலாய்ப் பேரு. வாசிச்சுச் சொன்னாக. அதான் பெட்டியில எழுதி இருக்கேன்னு நான் மனசுல வாங்கிக்கிறல” என்றார்.

என்னிடம் மிஞ்சியது ஒரு சாம்பல் நிறத் தபால்தலை. எட்டு சென்ட் மதிப்புடையது. ஆங்கில மன்னர் ஆறாம் ஜார்ஜின் தலையும் ‘ஸ்டிரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’ என்ற பெயரும் கொண்டது. அதன் மேல் கறுப்பு மையில், ‘டாய் நிப்பான் 2602 மலாயா’ என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது. 2602 என்பது ஏதோ வரிசை எண் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

மேலச்சு என்றால் என்ன?

ஏற்கெனவே அச்சிட்டு முடித்த ஒரு தபால்தலையின் மேல் மறுபடியும் சில எழுத்துகளையோ குறிகளையோ அச்சிடுவதே மேலச்சு. அந்த மேலச்சு தபால்தலையின் விலையை மாற்றினால் அதை ‘சர்சார்ஜ்’ என்பர். நம் நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிந்தபோது, ஐந்து காசுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலையின் மேல் ‘அகதிகள் நிவாரணம்’ என்று மேலச்சிட்டு, எல்லாக் கடிதங்களிலும் கூடுதலாக ஒட்டச் செய்தார்கள். 1947இல் பாகிஸ்தான் பிறந்தபோது, அந்நாட்டின் முதல் தபால்தலைகளும் இந்தியத் தபால்தலைகளின் மேல் ‘பாகிஸ்தான்’ என்று நம் நாசிக் அச்சகத்தில் மேலச்சிடப்பட்டவையே.

நம் பக்கத்துப் புதுச்சேரியும் இதற்கு விலக்கன்று. 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபின், பிரெஞ்சிந்தியா தெகோலின் பக்கம் சேர்ந்தது. 1941 முதல் அங்கே வெளிவந்த தபால்தலைகளில் ‘சுதந்திர பிரான்ஸ்’ என்ற பொருள்படும் பிரெஞ்சுச் சொற்கள் மேலச்சாக விழுந்தன. பிரம்மாவின் உருவத்தின் மேல் பாரிஸ் அரசியல் ஏறி நின்ற காட்சி அது!

பிடிபட்ட நாட்டில் படைத்தலைவர்கள் ஏன் புதுத் தபால்தலை அடிக்காமல் மேலச்சைத் தேடினார்கள்? காரணங்கள் எளியவை. புதுத் தபால்தலைக்குச் சித்திரம் வேண்டும், தகடு வேண்டும், பசைத்தாள் வேண்டும், துளையிடும் இயந்திரம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மாதங்கள் ஆகும். அஞ்சலகத்தில் பழைய இருப்போ கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அதை அப்படியே விற்றால் பழைய அரசு இன்னும் இருப்பது போலாகிவிடும். மேலும், ஆட்சி மாறிய குழப்பத்தில் கொள்ளைபோன தபால்தலைகளும் செல்லுபடியாகிவிடும். மேலச்சு இருந்தால்தான் செல்லும் என்று அறிவித்துவிட்டால் இந்த இடர்கள் தீர்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சாதாரண மனிதன் தன் மகளுக்கு எழுதும் கடிதத்தின் மூலையில்கூட, “இப்போது ஆள்பவன் நான்” என்று புதிய ஆட்சி அறிவித்துவிடலாம்.

இரண்டு வகை

இத்தகைய தபால்தலைகளைப் பார்க்கப் பார்க்க, அவற்றை இரண்டாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதல் வகையில், வந்தவன் தன் நாட்டுத் தபால்தலையைக் கொண்டுவந்து, அதன் மேல் பிடித்த இடத்தின் பெயரை அடிக்கிறான். 1914இல் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தபோது, தன் ‘ஜெர்மானியா’ தபால்தலைகளின் மேல் ‘பெல்ஜியன்’ என்றும் சென்டிம் மதிப்பையும் அச்சிட்டது. 1939இல் போலந்தைப் பிடித்ததும், இண்டன்பர்க் தலைகொண்ட தபால்தலைகளின் மேல் ‘ஜெர்மன் அஞ்சல், கிழக்கு’ என்று ஜெர்மானிய மொழியில் பொறித்தது. 1941இல் ஹிட்லர் தலையின் மேல் ‘ஆஸ்ட்லாந்து’, ‘உக்ரைனே’ என்ற பெயர்கள் ஏறின. போலந்து என்ற பெயரையே சொல்லாமல் ‘கிழக்கு’ என்று திசையை மட்டும் சொன்னதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். அந்நாட்டின் பெயரைக்கூட அவர்கள் விட்டுவைக்க விரும்பவில்லை.

இரண்டாம் வகையில், வந்தவன் பிடித்த நாட்டின் தபால்தலையையே எடுத்து, அதன் மேல் தன் பெயரை அடிக்கிறான். 1900இல் போயர் போரின்போது ஆரஞ்சு சுதந்திர நாட்டின் தலைநகரை ஆங்கிலப் படை பிடித்தது. உடனே அந்நாட்டுத் தபால்தலைகளின் மேல் விக்டோரியா அரசியைக் குறிக்கும் ‘வி.ஆர்.ஐ.’ என்ற மூன்று எழுத்துகள் வந்தன. 1914இல் நியூசிலாந்துப் படை ஜெர்மன் சமோவாவைப் பிடித்தபோது, கெய்சரின் கப்பல் படம் போட்ட தபால்தலைகளின் மேல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ‘ஜி.ஆர்.ஐ.’ ஏறியது. கப்பல் கெய்சருடையது, கடல் வேறொருவருடையது!

பிலிப்பைன்ஸில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1942இல் ஜப்பானியர் அங்கிருந்த தபால்தலைகளில் ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ என்ற சொற்களைக் கறுப்புப் பட்டைகளால் அடித்து மறைத்துவிட்டு விற்றார்கள். 1944இல் அமெரிக்கப் படை திரும்பி வந்ததும், பழைய பிலிப்பைன்ஸ் தபால்தலைகளின் மேல் ‘வெற்றி’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கைமுத்திரையாகக் குத்தினார்கள். இவ்விரண்டையும் ஆல்பத்தில் அடுத்தடுத்து வைத்தால், பசிபிக் போரின் தொடக்கமும் முடிவும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகின்றன.

நம் படை சென்ற இடங்கள்

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் பிறர் ஆணையின்படி. 1900இல் சீனத்துக்குச் சென்ற படைக்கு, இந்தியத் தபால்தலைகளின் மேல் ‘சி.இ.எஃப்.’ என்று மேலச்சிட்டுக் கொடுத்தார்கள். 1914இல் வெளிநாடு சென்ற இந்தியப் படைகளுக்கு ‘ஐ.இ.எஃப்.’ என்ற மேலச்சு. 1917 மார்ச் மாதம் பாக்தாத் நகரைப் பிடித்த ஆங்கிலப் படையில் இந்தியச் சிப்பாய்கள் பெருந்தொகையினர். அந்த ஆண்டு அங்கே கிடைத்த துருக்கித் தபால்தலைகளின் மேல் ‘பாக்தாத், ஆங்கிலேயர் பிடியில்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் அச்சிட்டு, விலையை அணாவில் போட்டார்கள். துருக்கி சுல்தானின் நாட்டில் நம் அணா! மிகச் சிறு எண்ணிக்கையில் வந்த அவற்றை விலை கொடுத்து வாங்குவது நம்மைப் போன்றவர்களால் ஆகாது. படத்தில் பார்த்து அமைதிகொள்ள வேண்டியதுதான்.

பர்மாவின் கதை வேறு விதம். 1937இல் அது இந்தியாவிலிருந்து பிரிந்தபோது, இந்தியத் தபால்தலைகளின் மேல் ‘பர்மா’ என்று அச்சிட்டார்கள். பிறகு தனித் தபால்தலை வந்தது. 1942இல் ஜப்பானியரோடு சேர்ந்து வந்த பர்மிய விடுதலைப் படையினர், ஐராவதி ஆற்றின் கழிமுகத்து ஊர்களில் கிடைத்த தபால்தலைகளின் மேல் மயில் உருவத்தை அச்சிட்டார்கள். மயில் பர்மிய அரசர்களின் சின்னம். அதை ஆங்கில மன்னரின் முகத்தை மறைக்கும்படி வைத்தார்கள். 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் ‘மிலிட்டரி அட்மினிஸ்ட்ரேஷன்’ என்பதன் சுருக்கம் மேலச்சாயிற்று. 1947இல் இடைக்கால அரசு பர்மிய எழுத்தில் தன் மேலச்சை இட்டது. 1948 ஜனவரியில் விடுதலை. பத்தே ஆண்டுகளில் ஒரு நாடு பட்ட பாட்டை, மன்னர் தலைக்கு மேல் மாறிய எழுத்துகளே சொல்லிவிடுகின்றன.

மலாயாவில் மூன்றரை ஆண்டுகள்

இனி என் கையிலிருக்கும் தபால்தலையின் நாட்டுக்கு வருகிறேன். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தபாருவில் கரையிறங்கியது. எழுபதே நாளில், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்தது. அந்நகருக்குச் ‘சியோனான்’ என்று புதுப்பெயர் சூட்டினார்கள். மார்ச் மாதம் சிங்கப்பூரில் அஞ்சலகம் மறுபடி திறந்தபோது, பழைய ஸ்டிரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் தபால்தலைகளின் மேல் இராணுவ நிர்வாகத்தின் சதுர முத்திரையைக் கையாலேயே குத்தி விற்றார்கள். ஒற்றைக் கட்டம் உள்ளது ஒன்று, இரட்டைக் கட்டம் உள்ளது ஒன்று. கையால் குத்தியதால் சில சாய்ந்திருக்கும், சில தலைகீழாக இருக்கும், சில இரண்டு முறை விழுந்திருக்கும். மையும் சிவப்பு, கறுப்பு, ஊதா என்று கிடைத்ததற்கு ஏற்ப மாறும்.

மற்ற ஊர்களில் ஆளுக்கொரு முறை. பினாங்கில் ஒகுகவா, உச்சிபோரி என்ற இரு அதிகாரிகளின் பெயர் முத்திரைகளே தபால்தலையில் ஏறின. கிளந்தானில் ஜப்பானிய ஆளுநர் சுனாகவாவின் முத்திரை, பின் உதவி ஆளுநர் ஹண்டாவின் முத்திரை. நாம் கையெழுத்திடும் இடத்தில் சொந்த முத்திரை குத்துவது ஜப்பானியர் வழக்கம். அவ்வழக்கமே தபால்தலையிலும் வந்தது. ஒரு தனி மனிதரின் பெயர்க் குறி ஒரு நாட்டின் தபால்தலையைச் செல்லுபடியாக்கியது என்றால், அங்கு நடந்த ஆட்சி எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

கைமுத்திரைகளைத் தொடர்ந்து அச்சு இயந்திரத்தில் அடித்த மேலச்சு வந்தது. அதுவே ‘டாய் நிப்பான் 2602 மலாயா’. டாய் நிப்பான் என்றால் பேரரசு ஜப்பான். 2602 என்பது வரிசை எண் அன்று. ஆண்டு! கி.மு. 660இல் ஜிம்மு என்ற முதல் பேரரசர் பட்டமேறியதாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஜப்பானியர் எண்ணிவந்த கணக்கு அது. 1942உடன் 660ஐக் கூட்டினால் 2602. நாட்டைப் பிடித்தவர்கள் அதன் காலத்தையும் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் சிலாங்கூரில் நடந்த ஒரு பொருட்காட்சிக்காகவும் தனி மேலச்சு இட்டார்கள். போரின் நடுவே பொருட்காட்சியும் ஒரு விளம்பரம். 1943இல் ஆங்கில எழுத்துகளை விட்டுவிட்டு, ‘பேரரசு ஜப்பான் அஞ்சல்’ என்ற பொருள்படும் ஜப்பானிய எழுத்துகளைச் செங்குத்தாக அச்சிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு என்ற நான்கு மாநிலங்களைத் தாய்லாந்துக்குக் கொடுத்துவிட்டதால், அங்கே தபால்தலை வரலாறு தனி வழியில் சென்றது.

இவ்வளவும் நடந்தபோது அங்கிருந்த நம் மக்களின் நிலை என்ன? இந்தியாவோ ஆங்கிலேயர் கையில். மலாயாவோ ஜப்பானியர் கையில். ஆகவே இரு நாடுகளுக்கும் இடையே சாதாரணக் கடிதப் போக்குவரத்து நின்றது. மணியார்டர் நின்றது. நம் பகுதிக் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்கள் மூன்றரை ஆண்டுகள் ஒரு சேதியும் இன்றி இருந்தன. அங்கேயோ, சயாம்–பர்மா இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவரைக் கொண்டுசென்றார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் மிகப் பலர் காட்டிலேயே மடிந்தனர். அந்த நாட்களில் மேலச்சுத் தபால்தலை ஒட்டிய கடிதங்கள் மலாயாவுக்குள் ஊருக்கு ஊர் போய்க்கொண்டிருந்தன. நம் கடற்கரைக்கு மட்டும் அவை வரவில்லை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஆங்கிலேயர் திரும்பினார்கள். அச்சிட்டுவைத்த பழைய மன்னர் தலைத் தபால்தலைகளின் மேலேயே, ஆங்கில இராணுவ நிர்வாகம் என்பதைக் குறிக்கும் ‘பி.எம்.ஏ. மலாயா’ என்ற மேலச்சு வந்தது. அந்த நிர்வாகத்தில் பதுக்கலும் விலையேற்றமும் மிகுந்திருந்ததால், அம்மூன்று எழுத்துகளுக்குக் ‘கள்ளச் சந்தை நிர்வாகம்’ என்று மக்கள் விரித்துச் சொன்னார்களாம். ஜப்பானியர் வெளியிட்ட ‘வாழைமர நோட்டு’ ஒரே நாளில் வெறுங்காகிதமாயிற்று. சேர்த்துவைத்தவர்கள் அழுதார்கள்.

திதி மாறிய கதை

கல்லூரிக்கு வந்த முதலாண்டு, நூலகத்தில் ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்டலாக்கின் பழைய பதிப்பு ஒன்றைப் புரட்டியபோதுதான் 2602இன் பொருள் எனக்குத் தெரிந்தது. தெரிந்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

பூட்டனார் சிங்கப்பூர் முற்றுகையின்போது குண்டுவீச்சில் இறந்திருப்பார் என்றே எங்கள் குடும்பத்தில் நம்பிவந்தனர். வடக்கிலிருந்தவர்கள் எல்லாரும் தெற்கே சிங்கப்பூருக்கு ஓடினார்கள், இவரும் ஓடியிருப்பார், சிக்கியிருப்பார் என்பது கணக்கு. ஆகவே சிங்கப்பூர் விழுந்த மாசி மாதத்தில் அவருக்குத் திதி கொடுத்துவந்தனர். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான்.

ஆனால் அவர் கையால் ஒட்டிய தபால்தலையில் ‘2602’ இருக்கிறது. அந்த மேலச்சு சிங்கப்பூர் விழுந்த பிறகு, கைமுத்திரைகளுக்கும் பின்னால் வந்தது. எனவே அந்த மாசியில் அவர் இறக்கவில்லை! குண்டுவீச்சு ஓய்ந்த பின்னும், ஜப்பானியர் ஆட்சியில், ஏதோ ஓர் ஊரில் அஞ்சலகத்துக்கு நடந்துபோய், எட்டு சென்ட் கொடுத்துத் தபால்தலை வாங்கி, நண்பருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்.

விடுமுறையில் ஊருக்குப் போய் அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. காது சற்று மந்தம். இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, “அப்ப அந்த மாசியில எங்கப்பா உசுரோட இருந்திருக்காரு” என்றார். சிறிது நேரம் கழித்து, “அப்புறம் எப்பய்யா செத்தாரு?” என்று கேட்டார். அதற்குத் தபால்தலையில் விடையில்லை.

விடை இருந்திருக்கக்கூடிய இடத்தைத்தான் நான் தண்ணீரில் கரைத்தேனே! தபால்தலையில் மிஞ்சிய பாதி முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஊர்ப் பெயரின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரிகின்றன: ‘என்’, ‘ஜி’. தைப்பிங் அப்படி முடியும். காஜாங், குளுவாங், பெந்தோங் எல்லாம் அப்படியே முடியும். நாம் கிள்ளான் என்று சொல்லும் ஊரும் ஆங்கிலத்தில் எழுதினால் அப்படித்தான் முடியும். தேதி இருந்த பகுதி உறையோடு அடுப்பில் போயிற்று.

போலியும் அசலும்

இதற்குப் பின் மலாயா மேலச்சுகளைச் சேர்க்க வேண்டும் என்ற ஆவல் மிகுந்தது. நகரத்தில் ஒரு கடையில், இரட்டைக் கட்ட முத்திரை குத்திய தபால்தலை ஒன்றை நானூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். உதவித்தொகைப் பணம் அது. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் தபால்தலை சேகரிப்பவர் அல்லர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தவர், “தம்பி, தபால் முத்திரையிலே என்ன வருஷம் போட்டிருக்கு?” என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். 1939 என்று இருந்தது. ஜப்பானியர் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உபயோகித்து முடிந்த தபால்தலையில் ஜப்பானிய முத்திரை எப்படி வரும்? மலிவான பழைய தபால்தலையின் மேல் யாரோ பிற்காலத்தில் ரப்பர் முத்திரை செய்து குத்தியிருக்கிறார்கள். நானூறு ரூபாயில் வரலாற்று ஆராய்ச்சியின் முதற்பாடத்தைக் கற்றேன்.

அந்தப் பாடம் இதுதான்: அசல் மேலச்சுத் தபால்தலையில் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் மூலப் படம், அதன் மேல் மேலச்சு, எல்லாவற்றுக்கும் மேலே தபால் முத்திரை. இந்த வரிசை மாறவே கூடாது. மேலச்சு மை தபால் முத்திரை மையின் மேல் ஏறியிருந்தால் ஐயப்பட வேண்டும். கைமுத்திரை மேலச்சுகளிலேயே போலிகள் அதிகம். ஏனெனில் அவற்றைச் செய்வது எளிது. 1971 டிசம்பருக்குப் பின் பாகிஸ்தான் தபால்தலைகளின் மேல் ஊருக்கு ஊர் ‘பங்களாதேஷ்’ என்று ரப்பர் முத்திரை குத்தினார்கள் அல்லவா? அவற்றிலும் இதே தொல்லை உண்டு.

சேகரிக்க விரும்புவோர்க்கு

என் தவறுகளிலிருந்து நான் கற்றவற்றை நண்பர்களுக்குச் சில குறிப்புகளாகத் தருகிறேன்.

1. போர்க்கால உறை எது கிடைத்தாலும் தண்ணீரில் போடாதீர்கள். தபால்தலையைப் பிரிக்காதீர்கள். முகவரி, முத்திரை, தணிக்கை அதிகாரியின் குறி, பின்புறத்துக் கிறுக்கல் ஆகிய அனைத்தும் சான்றுகள். முழு உறையாகவே ஒரு கண்ணாடித்தாள் பையில் இட்டு, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள்.

2. தபால்தலையைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். பூதக்கண்ணாடி ஒன்று கட்டாயம் வேண்டும். முதலில் தேதியைப் படியுங்கள். பிறகு எந்த மை எதன் மேல் இருக்கிறது என்று பாருங்கள்.

3. விலையுயர்ந்தவற்றைத் தேடி ஏமாறாமல் மலிவானவற்றிலிருந்து தொடங்குங்கள். ‘பி.எம்.ஏ. மலாயா’ தபால்தலைகளில் குறைந்த மதிப்புள்ளவை இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. போரில் பிடித்த இத்தாலியக் காலனிகளில் ஆங்கிலேயர் பயன்படுத்திய ‘எம்.இ.எஃப்.’ மேலச்சுகளும் அப்படியே. விலை கூடியவற்றை வாங்குமுன் வல்லுநர் சான்று கேளுங்கள்.

4. ஆல்பத்தில் மதிப்பு வரிசையில் அடுக்காமல் கால வரிசையில் அடுக்குங்கள். ஒரு நாட்டின் மேலச்சில்லாத தபால்தலை, பிடிபட்ட காலத்து மேலச்சு, விடுபட்ட பிறகு வந்த மேலச்சு, புதிய நாட்டின் முதல் தபால்தலை என்று நான்கை வரிசையாக வையுங்கள். கீழே நான்கு வரி எழுதுங்கள். அதுவே ஒரு வரலாற்றுப் பாடமாகும்.

5. வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். பர்மா, மலாயா, சிங்கப்பூர் சென்றுவந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். பரணில் கிடக்கும் பெட்டிகளைக் கேட்டுத் திறந்து பாருங்கள். திறக்குமுன் கேளுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முடிவாக

மேலச்சு என்றாலே ஆதிக்கத்தின் குறி என்று எண்ணிவிடவும் கூடாது. விடுதலை பெற்ற நம் நாடும் வெளிநாடுகளுக்காக மேலச்சிட்டதுண்டு. 1953இல் கொரியாவில் போர்க்கைதிகளைக் காத்து நின்ற இந்தியப் படைக்காக இந்தியில் மேலச்சிட்டார்கள். 1965இல் காசாவில் ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றிய நம் வீரர்களுக்காக நேரு தபால்தலையின் மேல் ஐ.நா. படையின் பெயரை அச்சிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் பிறர் ஆணைப்படி பாக்தாத் சென்ற அதே நாட்டின் வீரர்கள், எந்த நாட்டையும் பிடிக்கச் செல்லாமல், சண்டையிட்டவர்களுக்கு நடுவே நிற்கச் சென்றார்கள். முறை ஒன்றே; நோக்கம் வேறு.

இப்போது என் ஆல்பத்தில் மலாயாவுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் பூட்டனாரின் எட்டு சென்ட் தபால்தலை நடுவில் இருக்கிறது. கேட்டலாக்கின்படி அதற்குப் பெரிய விலையில்லை. அதன் கீழே, ‘1942 மார்ச்சுக்குப் பிறகு எழுதிய கடிதம். ஊர்ப் பெயர் என், ஜி என்று முடியும். உறையைக் கெடுத்தவன் நான்’ என்று எழுதியிருக்கிறேன். மாசியில் கொடுத்துவந்த திதியை அப்பத்தா நிறுத்தச் சொல்லிவிட்டார். நாள் தெரியாதவர்களுக்கு உரிய மகாளய அமாவாசையில் இப்போது கொடுக்கிறோம். அன்று ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறந்து, மன்னர் தலையையும் ஜப்பானியர் எழுத்தையும் விட்டுவிட்டு, அந்தப் பாதி முத்திரையைத்தான் அவர் விரலால் தடவிப் பார்க்கிறார்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஓர் உறை இருக்கலாம். இருந்தால் முதலில் அதில் உள்ள ஊர்ப் பெயரை ஒரு தாளில் எழுதிவையுங்கள். மற்றவற்றைப் பிறகு ஆராயலாம்.